தண்ணீர் சுமந்தவன் பெயர் எங்கே?

2025-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி. இத்தாலி நாட்டின் வடமேற்கு மூலை. ஆல்ப்ஸ் மலை.

அங்கே பினெஸ்த்ரே என்று ஒரு கணவாய். உச்சி 2,178 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதை செங்குத்தானது. மேல் பகுதியில் தார் ரோடு கிடையாது. மண்ணும் சரளைக் கல்லும்தான். அந்தப் பாதையில் ஒருவர் சைக்கிள் மிதித்து ஏறிக்கொண்டு இருந்தார். அவர் பெயர் சைமன் யேட்ஸ். இங்கிலாந்துக்காரர். வயது 32.

மூன்று வாரமாக நடந்து வந்த சைக்கிள் பந்தயம் மறுநாள் முடியப்போகிறது. முதல் இடத்தில் இருந்தவர் இசாக் டெல் டோரோ என்ற 21 வயது மெக்சிகோ வாலிபர். இரண்டாவது, ஈக்வடார் நாட்டு ரிச்சர்ட் கரபாஸ். யேட்ஸ் மூன்றாவது. முதல் ஆளைவிட அவர் 1 நிமிடம் 21 விநாடி பின்தங்கி இருந்தார்.

யேட்சுக்கு அந்த மலை புதிது அல்ல. 2018-ம் ஆண்டு இதே பந்தயத்தில் 13 நாள் அவர்தான் முதல்வர். பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் இதே மலையில் அவர் கால்கள் சோர்ந்துவிட்டன. ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் பறிகொடுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஏழு ஆண்டு கழித்து அதே மலை. அதே மனிதர். இந்தத் தடவை அவர் சோரவில்லை. மற்ற இருவரையும் விட்டுவிட்டு விர்ரென்று மேலே போய்விட்டார்.

ஆனால் உச்சியைத் தொட்டால் போதுமா? மறுபக்கம் இறங்கவேண்டும். இறங்கினால் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் செஸ்த்ரியேர் என்ற ஊருக்கு இன்னொரு ஏற்றம். பள்ளத்தாக்கில் தனி ஆளாக மிதித்தால் காற்று அடக்கிவிடும். பின்னால் வருகிறவர்கள் பிடித்துவிடுவார்கள்.

அங்கேதான் ஒருவர் காத்திருந்தார்!

அவர் பெயர் வவுட் வான் ஆர்ட். பெல்ஜியம் நாட்டுக்காரர். யேட்சின் குழுவைச் சேர்ந்தவர். காலையிலேயே முன்னால் போனவர்களோடு சேர்ந்து போய், மலையையும் தாண்டிவிட்டார். பிறகு யேட்சுக்காக வேகத்தைக் குறைத்தார். யேட்ஸ் வந்து சேர்ந்ததும், "என் பின்னால் வா" என்பதுபோல் முன்னே போனார். காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டார். அடுத்த ஏற்றத்தின் அடிவாரம் வரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார். பிறகு ஒதுங்கிக்கொண்டார்.

பின்னால் என்ன நடந்தது? டெல் டோரோ, "கரபாஸ் துரத்தட்டும்" என்று இருந்தார். கரபாஸ், "டெல் டோரோ துரத்தட்டும்" என்று இருந்தார். இருவருமே துரத்தவில்லை!

அன்று ஒரே நாளில் யேட்ஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் லாபம் சம்பாதித்தார். மறுநாள் ரோமாபுரியில் பட்டம் அவருக்கு. வித்தியாசம் 3 நிமிடம் 56 விநாடி.

வென்றவர்கள் பெயரை எல்லாம் தங்க நிறக் கோப்பையில் பொறிப்பது வழக்கம். அதில் யேட்சின் பெயர் உண்டு. வான் ஆர்டின் பெயர்?

இல்லை!

இது நியாயமா? இதைப்பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ரோஜா நிறச் சட்டை

முதலில், இது என்ன பந்தயம் என்று பார்ப்போம்.

இத்தாலியைச் சுற்றி நடக்கும் சைக்கிள் பந்தயம் இது. "ஜிரோ" என்று அந்த நாட்டு மக்கள் செல்லமாகச் சொல்லுகிறார்கள். "சுற்று" என்று அர்த்தம். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும். மொத்தம் 21 கட்டங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். நடுவில் சில நாள் ஓய்வு. மொத்த தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். கடற்கரை, சமவெளி, பனி மலை எல்லாவற்றையும் தாண்டவேண்டும்.

ஒவ்வொரு நாளும் ஒருவர் எவ்வளவு நேரத்தில் வந்தார் என்று குறித்துக்கொள்வார்கள். எல்லா நாள் கணக்கையும் கூட்டுவார்கள். யாருக்கு மிகக் குறைந்த நேரமோ, அவரே முதல்வர். அவருக்கு ரோஜா நிறச் சட்டை உண்டு. மறுநாள் வேறு ஒருவர் முந்திவிட்டால், சட்டை அவருக்குப் போய்விடும்.

அது ஏன் ரோஜா நிறம்? இந்தப் பந்தயத்தை ஆரம்பித்ததே ஒரு பத்திரிகைதான்! "கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்" என்ற அந்த விளையாட்டுப் பத்திரிகை ரோஜா நிறத் தாளில் அச்சாகிறது. அதன் நினைவாக 1931-ம் ஆண்டு முதல் சட்டைக்கும் அந்த நிறத்தையே கொடுத்தார்கள்.

முதல் பந்தயம் 1909-ம் ஆண்டு மே 13-ந் தேதி மிலான் நகரில் தொடங்கியது. பொழுது விடியவில்லை. இருட்டு. 127 பேர் புறப்பட்டார்கள். 49 பேர்தான் முடித்தார்கள். வென்றவர் லூயிஜி கன்னா. அவர் ஒரு கொத்தனார்! வேலைக்காகத் தன் ஊரில் இருந்து மிலானுக்குத் தினமும் சைக்கிளிலேயே போய் வந்தவர். "வெற்றி பெற்றதும் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்களாம். "உட்காரும் இடம் எரிகிறது!" என்றாராம்.

இந்தப் பந்தயத்தை ரோட்டோரம் நின்று பார்க்க டிக்கெட் வேண்டாம். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் பார்க்கலாம். அதனால்தான் அது ஏழை மக்களின் பந்தயம் ஆயிற்று.

காற்றுதான் எதிரி

"சைக்கிளில் ஒருவர் மிதிக்கிறார். அவர் கால், அவர் பலம். இதில் இன்னொருவர் என்ன உதவி செய்யமுடியும்?" என்று நீங்கள் கேட்கலாம்.

எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். பெடல் நகராது. நெஞ்சு அடைக்கும். முன்னால் ஒருவர் போனால்? அவர் முதுகு காற்றைத் தடுத்துவிடும். ஒட்டிப் பின்னால் போகிறவருக்கு மிதிப்பது சுலபம். சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம் ஆகும்.

பந்தயத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. இப்போது ஒரு குழுவுக்கு எட்டுப் பேர். பட்டத்துக்குப் போட்டியிடும் பெரிய குழுக்களில் பெரும்பாலும் ஒருவர் தலைவர். மற்றவர்கள் அவருக்காக உழைப்பார்கள். மாறி மாறி முன்னால் போய்க் காற்றைத் தாங்குவார்கள். தலைவர் பின்னால் பத்திரமாக வருவார். கடைசி மலை வரும்போது அவர் காலில் பலம் மிச்சம் இருக்கும். உழைத்தவர்கள் காலில் ஒன்றும் இருக்காது!

இந்தத் துணைவர்களை இத்தாலி மொழியில் "கிரெகாரியோ" என்று சொல்லுகிறார்கள். மந்தையில் ஒருவன், சாதாரணச் சிப்பாய் என்பது அந்தச் சொல்லின் பொருள்.

அவர்கள் செய்யும் வேலைகளைக் கேளுங்கள்.

தலைவருக்குத் தாகம் என்றால், துணைவர் பின்தங்கிக் குழுவின் மோட்டார் காருக்குப் போவார். தண்ணீர் பாட்டில்களை வாங்குவார். முதுகுப் பையில் திணிப்பார். சட்டைக்குள்ளும் போட்டுக்கொள்வார். ஒரு பாட்டிலில் அரை லிட்டர் என்று வைத்தாலும், எட்டுப் பாட்டிலுக்கு நான்கு கிலோ. அந்தச் சுமையோடு மிதித்து, கூட்டத்தைப் பிடித்து, முன்னால் போய்க் கொடுக்கவேண்டும். மறுபடி தாகம் எடுத்தால்? மறுபடி பின்னால் போகவேண்டும்.

தலைவரின் டயர் பஞ்சரா? துணைவர் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார். சைக்கிள் உடைந்துவிட்டதா? தன் சைக்கிளையே கொடுத்துவிட்டு ரோட்டில் நிற்பார். மலை உச்சியில் குளிர்காற்றா? பழைய பத்திரிகைத் தாளை நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவது இந்தப் பந்தயத்தில் பழைய வழக்கம். அந்தத் தாளை வாங்கித் தருகிறவரும் பல தடவை துணைவரே!

தன் வேலை முடிந்த பிறகு, அவர் தன் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஊர் வந்து சேராவிட்டால் பந்தயத்தில் இருந்து நீக்கிவிடுவார்கள். ஆகவே களைத்துப்போனவர்கள் எல்லாம் ஒன்றுகூடி, குழு வேற்றுமை பாராமல், ஒருவருக்கு ஒருவர் துணையாக மலை ஏறுகிறார்கள். முன்னால் பட்டத்துக்குச் சண்டை. பின்னால் பிழைப்பதற்கு ஒற்றுமை!

மன்னிப்புக் கேட்ட வீரர்

பாஸ்தோ கோப்பி என்று ஒரு மகா வீரர் இருந்தார். ஜிரோ பட்டத்தை ஐந்து தடவை வென்றவர். அவருடைய துணைவர்களில் ஒருவர் ஆன்ட்ரேயா கர்ரேயா.

1952-ம் ஆண்டு பக்கத்து நாடான பிரான்சில் நடந்த பெரும் பந்தயத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். ஒரு நாள், முன்னால் தப்பி ஓடியவர்களைக் கண்காணிக்கக் கர்ரேயா அவர்களோடு போனார். எல்லோருமாகச் சுவிட்சர்லாந்தின் லொசான் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். கணக்குப் பார்த்தால், முதல் இடம் கர்ரேயாவுக்கு! முதல்வருக்கு உரிய மஞ்சள் சட்டையை அவருக்குப் போட்டார்கள்.

வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்து இருப்பார்கள். கர்ரேயா கண்ணீர் விட்டு அழுதார். தலைவருக்கு உரியதைத் தான் எடுத்துக்கொண்டோமே என்று பயந்தார். கோப்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டார்!

கோப்பி கோபிக்கவில்லை. பாராட்டினார். மறுநாள் மலையில் கோப்பி அந்தச் சட்டையைத் தன் வசம் ஆக்கிக்கொண்டார். கர்ரேயாவின் ராஜ்யம் ஒரே நாள்தான்.

கர்ரேயாவின் விசுவாசத்தை நினைத்தால் நெஞ்சு உருகுகிறது. ஆனால் எனக்குச் சிறிது வருத்தமும் உண்டு. தன் உழைப்பால் வந்த பெருமைக்கு ஒருவர் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்?

துணைவர் தலைவர் ஆனார்

கோப்பி மட்டும் பிறக்கும்போதே தலைவரா? இல்லை.

1940-ம் ஆண்டு ஜிரோ பந்தயம். ஜீனோ பார்த்தாலி அப்போது பெரும் புகழ் பெற்றவர். 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றவர். அவருக்குத் துணையாகச் சேர்க்கப்பட்ட வாலிபர்தான் கோப்பி. வயது 20.

இரண்டாவது நாள் ஒரு நாய் குறுக்கே வந்தது. பார்த்தாலி விழுந்தார். காயம். அவருடைய பட்டக் கனவு கலைந்தது. கோப்பி முன்னேறினார். ரோஜா நிறச் சட்டை அவருக்குக் கிடைத்தது.

அப்போது பார்த்தாலி என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் போகவில்லை. பந்தயத்தில் நீடித்து, மலைகளில் கோப்பிக்குத் துணை நின்றார்! நேற்றைய தலைவர், இன்றைய துணைவர். ஜூன் 9-ந் தேதி கோப்பி பட்டம் பெற்றார். இன்றுவரை இவ்வளவு இளம் வயதில் ஜிரோ பட்டம் பெற்றவர் வேறு யாரும் இல்லை.

மறுநாளே இத்தாலி உலக யுத்தத்தில் குதித்தது. பந்தயம் நின்றது. 1946-ல்தான் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு பார்த்தாலியும் கோப்பியும் பரம எதிரிகள்போல் மோதியதும், நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்ததும் தனிக் கதை.

"கோப்பி 1949-ம் ஆண்டு கூனியோ என்ற ஊரில் இருந்து பினரோலோ வரை நடந்த கட்டத்தில், 192 கிலோமீட்டர் தன்னந்தனியாக மிதித்தாரே! ஐந்து கணவாய்களைத் தாண்டி, பார்த்தாலிக்கு 11 நிமிடம் 52 விநாடி முன்னால் வந்தாரே! அங்கே எந்தத் துணைவர் இருந்தார்?" என்று சிலர் கேட்கலாம்.

நல்ல கேள்வி. அந்த 192 கிலோமீட்டரில் யாரும் இல்லை. அந்தப் பெருமை முழுவதும் கோப்பிக்கே. ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் காற்றைத் தாங்கியது யார்? தண்ணீர் கொண்டுவந்தது யார்? அன்று காலை அவர் கால்களில் இருந்த பலம், துணைவர்கள் பல நாளாகச் சேமித்துக் கொடுத்த பலம் அல்லவா?

மறுத்த துணைவர்

துணைவர் எல்லாக் காலத்திலும் பணிந்துதான் போகவேண்டுமா? 1987-ம் ஆண்டு அதற்கு ஒரு பெரும் சோதனை வந்தது.

ரொபெர்த்தோ விசென்டினி என்ற இத்தாலியர் முந்தைய ஆண்டு பட்டம் வென்றவர். அந்த ஆண்டும் ரோஜா நிறச் சட்டை அவர் உடம்பில் இருந்தது. அதே குழுவில் இருந்தவர் அயர்லாந்து நாட்டு ஸ்டீபன் ரோச். விசென்டினிக்கு அவர் உதவவேண்டும் என்று குழு எதிர்பார்த்தது.

ஜூன் 6-ந் தேதி, சப்பாடா என்ற மலை ஊருக்குப் போகும் கட்டம். ஒரு இறக்கத்தில் ரோச் முன்னால் பறந்தார். "நில்!" என்று குழுவின் அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். அவர் நிற்கவில்லை. அவருடைய சொந்தக் குழுவே அவரைத் துரத்தியது! கடைசியில் விசென்டினி களைத்து விழுந்தார். சட்டை ரோச்சுக்குப் போயிற்று.

இத்தாலிய ரசிகர்களுக்கு வந்ததே கோபம்! ரோட்டோரத்தில் நின்று காறித் துப்பினார்கள். ரோச் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் பிரான்ஸ் பந்தயத்தையும், உலகப் பட்டத்தையும்கூட வென்றார்.

அவர் செய்தது துரோகமா, வீரமா? இன்றும் வாதாடுகிறார்கள். என் கருத்து இதுதான்: தியாகம் என்பது மனம் விரும்பிச் செய்வது. வற்புறுத்தி வாங்கினால் அதற்குப் பெயர் தியாகம் அல்ல, அடிமை வேலை. ஆகவே ரோச்சை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். குழு முழுவதும் ரோச்சைக் கைவிட்டபோது ஒருவர் மட்டும் அவர் பக்கம் நின்றார். அவர் எடி ஷெப்பர்ஸ் என்ற பெல்ஜியக்காரர். கலகம் செய்து வென்றவருக்கும் ஒரு துணைவர் தேவைப்பட்டார்!

கடைசி ஆளுக்கும் ஒரு சட்டை

யுத்தத்துக்குப் பிறகு, 1946 முதல் 1951 வரை ஜிரோவில் ஒரு வேடிக்கை இருந்தது. எல்லோருக்கும் கடைசியாக வருகிறவருக்குக் கறுப்புச் சட்டை! பசியும் பஞ்சமும் அறிந்த மக்கள் அந்தக் கடைசி ஆளைத் தங்களில் ஒருவராக நினைத்தார்கள். அன்பளிப்புக் கொடுத்தார்கள். 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டும் லூயிஜி மலப்ரோக்கா என்பவர் அதைப் பெற்றார். கடைசி ஆளாக வரவேண்டும் என்று அவர் வழியில் ஒளிந்துகொள்வாராம்!

1951-ல் கடைசியாக வந்தவர் ஜியோவானி பினரெல்லோ. அடுத்த ஆண்டு பந்தயத்துக்குக் கிளம்பும்போது அவருடைய குழு, "உன் இடத்தை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடு" என்றது. அதற்கு ஈடாக ஒரு லட்சம் லிரா பணம் கொடுத்தது. அவர் அந்தப் பணத்தைக் கொண்டு சைக்கிள் கடை வைத்தார். அது வளர்ந்து உலகப் புகழ் பெற்ற சைக்கிள் கம்பெனி ஆயிற்று. 2018-ல் பினெஸ்த்ரே மலையில் யேட்ஸ் சோர்ந்த அன்று, தனியாகப் பறந்து சென்று பட்டத்தைக் கைப்பற்றிய கிறிஸ் புரூம் ஓட்டியது எந்தச் சைக்கிள் தெரியுமா? பினரெல்லோ சைக்கிள்தான்!

கடைசி ஆள் என்று யாரையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

ஒருவரையே தூக்கி ஆடினால்...

முதல் ஆளை மட்டுமே கொண்டாடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது அந்த முதல் ஆளுக்கே ஆபத்து.

மார்கோ பந்தானி என்ற இத்தாலியர் 1998-ம் ஆண்டு ஜிரோ, பிரான்ஸ் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். நாடே அவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. 1999-ல் மறுபடி அவர்தான் முதல் இடம். பந்தயம் முடிய இரண்டே நாள். ஒரு காலையில் அவர் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிவப்பணுக்களின் அளவு வரம்புக்கு மேல் இருந்தது. பந்தயத்தில் இருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மனம் தேறவே இல்லை. 2004-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, ரிமினி நகரில் ஒரு ஓட்டல் அறையில் பிணமாகக் கிடந்தார். போதை மருந்து அவர் உயிரைக் குடித்துவிட்டது. வயது 34. பக்கத்தில் யாரும் இல்லை.

அந்தக் காலத்தில் ஊக்க மருந்து சைக்கிள் பந்தயத்தையே அரித்துக்கொண்டு இருந்தது. தவறு தவறுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால், "முதல் இடம் இல்லாவிட்டால் நீ ஒன்றும் இல்லை" என்று ஒரு மனிதனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் குறுக்கு வழி தேடாமல் என்ன செய்வான்? பழி அவன் ஒருவனுக்கு மட்டுமா? கைதட்டிய நமக்கும் இல்லையா?

என் யோசனை

வென்றவர் தனக்குக் கிடைக்கும் பரிசுப் பணத்தைக் குழுவினரோடு பங்கு போட்டுக்கொள்வது இந்தப் பந்தயத்தில் நெடுநாள் வழக்கம். பணத்தைப் பங்கு போடலாம் என்றால், புகழை ஏன் பங்கு போடக்கூடாது?

கோப்பையில் வென்றவர் பெயரைப் பெரிய எழுத்தில் பொறிக்கட்டும். அதன் கீழே சின்ன எழுத்தில் அவருடைய ஏழு துணைவர்களின் பெயரையும் பொறிக்கட்டும். கோப்பையில் இடம் போதாது என்றால், கோப்பையைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யட்டும்!

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு பத்திரிகைதான் இந்தப் பந்தயத்தை ஆரம்பித்தது. வென்றவர் படத்தைப் பெரிதாகப் போடும் நாம், மறுநாளாவது அந்த ஏழு பேரின் பெயரையும் போடலாம் அல்லவா?

அடுத்த மே மாதம் இந்தப் பந்தயத்தின் படத்தைப் பார்க்கும்போது, ரோஜா நிறச் சட்டைக்காரரோடு நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு முன்னால் குனிந்து மிதிக்கிறவரைப் பாருங்கள். முகம் எல்லாம் புழுதி. சட்டைக்குள் தண்ணீர் பாட்டில். இன்னும் சிறிது நேரத்தில் அவர் ஒதுங்கிவிடுவார். படத்தில் இருந்தும் மறைந்துவிடுவார்.

அவர் மறைவதற்குள் அவர் பெயர் என்ன என்று ஒரு தடவை கேளுங்கள்.

நம் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் பெயர் உங்களுக்கே தெரியும்.